ஆர்டர் இல்லைன்னு சொன்னா கூலியைக் குறைக்கலாமா?



"கம்பெனி நஷ்டத்துல ஓடுதும்மா. இந்த மாசத்துல இருந்து சம்பளம் கொஞ்சம் குறையும். இஷ்டம் இருந்தா வாங்க, இல்லைன்னா நின்னுக்கோங்க." இந்தப் பேச்சைக் கேட்காத உறுப்பினர்கள் நம் குழுக்களில் குறைவு. கீழக்குயில்குடியிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இருந்து விடிந்தும் விடியாமல் கிளம்பி, நாகமலைப் புதுக்கோட்டைக்கு நடந்து வந்து, பஸ் பிடித்து மதுரைக்குப் போகிற பெண்கள் எத்தனை பேர்! துணிக்கடையில் நிற்கிறார்கள். தையல் யூனிட்டில் மெஷின் மிதிக்கிறார்கள். நூல் மில்லுக்குப் போகிறார்கள். ஆஸ்பத்திரியில் கான்ட்ராக்டரிடம் துப்புரவு வேலை பார்க்கிறார்கள். வீட்டு வேலைக்குப் போகிறார்கள். வேலை வேறு வேறாக இருந்தாலும், நெருக்கடி வந்தால் எல்லோர் காதிலும் விழுவது இந்த ஒரே பேச்சுதான்.

குழுக் கூட்டங்களில் இதைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், "என்னங்க செய்யறது, அவங்க நஷ்டம்னு சொல்றாங்க, நாம என்னத்தச் சொல்ல முடியும்?" என்பதுதான். சொல்ல முடியும். கேட்கவும் முடியும். எதைக் குறைக்கலாம், எதைக் குறைக்கவே கூடாது, குறைப்பதற்கு முன் முதலாளி என்ன செய்ய வேண்டும் என்பதற்கெல்லாம் சட்டத்தில் விதி இருக்கிறது. அதை எளிமையாகச் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் நோக்கம்.

நெருக்கடி எங்கிருந்து வருகிறது?

2008 செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் என்ற பெரிய வங்கி நிறுவனம் கவிழ்ந்தது. அங்கே ஜனங்கள் துணிமணி வாங்குவதைக் குறைத்தார்கள். அடுத்த சில மாதங்களில் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர் குறைந்தது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது ஒரே ராத்திரியில் எல்லாம் நின்றுபோனது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டபோது, ஏற்றுமதித் துணி தைக்கும் ஊர்கள் மறுபடியும் ஆட்டம் கண்டன.

எங்கோ அமெரிக்காவில் நடப்பதற்கும் இங்கே மெஷின் மிதிக்கிற நமக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். சங்கிலி இப்படித்தான் போகிறது. வெளிநாட்டுக் கடைக்காரர் ஆர்டரைக் குறைக்கிறார் அல்லது விலையைக் குறைக்கச் சொல்கிறார். ஏற்றுமதியாளர் அந்த நஷ்டத்தைச் சிறிய யூனிட்டின் தலையில் வைக்கிறார். சிறிய யூனிட்காரர் நூல் விலையைக் குறைக்க முடியாது, கரண்ட் பில்லைக் குறைக்க முடியாது, பேங்க் வட்டியையும் குறைக்க முடியாது. குறைக்க முடியும் என்று அவர் நினைப்பது ஒன்றைத்தான். அது நம்முடைய கூலி.

முதலாளி சொல்லும் நஷ்டம் எல்லாமே பொய் என்று நாம் நினைக்க வேண்டாம். சில நேரம் உண்மையிலேயே நஷ்டம் இருக்கும். சில நேரம் ஊரே நெருக்கடி என்று பேசுவதைச் சாக்காக வைத்து, வேலை நன்றாக ஓடும்போதே கூலியைக் குறைப்பவர்களும் உண்டு. நமக்குத் தேவை, இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிவது.

கூலி குறையும் வழிகள்

"சம்பளத்தைக் குறைக்கிறோம்" என்று நேராகச் சொல்பவர்கள் குறைவு. சுற்றி வளைத்துத்தான் குறைப்பார்கள். அடிக்கடி பார்க்கும் வழிகள் இவை:

1. பீஸ் ரேட்டைக் குறைப்பது. ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு காலர் தைக்க 2 ரூபாய். நாளைக்கு 250 தைத்தால் 500 ரூபாய். இதை 1 ரூபாய் 70 காசு ஆக்கிவிட்டால் அதே 250 காலருக்கு 425 ரூபாய்தான். "30 காசுதானே" என்று விட்டுவிடுகிறோம். மாதம் 25 நாள் வேலை என்றால் 1,875 ரூபாய் போய்விடுகிறது. பழைய 500 ரூபாயைப் பார்க்க வேண்டுமானால் 295 காலர் தைக்க வேண்டும். அதாவது ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் கூடுதல் உழைப்பு.

2. நேரத்தை நீட்டுவது. சம்பளம் அதேதான், ஆனால் 8 மணி நேரம் 10 மணி நேரமாகிவிடும். கூடுதல் நேரத்துக்கு ஓ.டி. கிடையாது. இதுவும் கூலிக் குறைப்புதான்.

3. சலுகைகளை நிறுத்துவது. இதுவரை கம்பெனி வண்டி வந்தது, டீ கொடுத்தார்கள், மதியச் சாப்பாடு இருந்தது. இனி இல்லை, அல்லது அதற்குச் சம்பளத்தில் பிடிப்பார்கள். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் நாம் கைக்காசு போட்டால் சம்பளம் குறைந்தது போலத்தான்.

4. கான்ட்ராக்டரை மாற்றுவது. ஒரே ஆஸ்பத்திரி, ஒரே தரை, ஒரே துடைப்பம். ஆனால் "புது கான்ட்ராக்டர் வந்துட்டார், ரேட் இதுதான்" என்பார்கள். பழைய சர்வீஸ் கணக்கில் வராது என்பார்கள்.

5. நிறுத்திவிட்டுப் புதிதாகச் சேர்ப்பது. "ரெண்டு மாசம் கழிச்சு வாங்க, எடுத்துக்கிறோம்" என்று சொல்லி ராஜினாமாக் கடிதம் எழுதி வாங்குவது. இதுதான் மிகவும் ஆபத்தானது. ஏன் என்று கீழே சொல்கிறேன்.

6. பெண்களுக்கு மட்டும் குறைப்பது. "ஒங்க வீட்டுக்காரர்தான் சம்பாதிக்கிறாரே" என்று சொல்லிப் பெண்களின் கூலியில் முதலில் கை வைப்பது. ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி என்பது சட்ட விரோதம். நஷ்டம் என்ற காரணம் அதற்குச் செல்லாது.

7. கடைசியில் தருகிறேன் என்ற தொகையைத் தராமல் விடுவது. மூன்று வருடம் முடிந்தால் மொத்தமாகத் தருகிறோம் என்று சொல்லி இளம்பெண்களை மில்லில் சேர்த்த சுமங்கலித் திட்டம் நமக்குத் தெரியும். மாதா மாதம் கைக்கு வராத பணம்தான் நெருக்கடி வந்தால் முதலில் காணாமல் போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2025 நவம்பர் 21 அன்று மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. பழைய 29 சட்டங்களுக்குப் பதிலாக வந்தவை இவை. தொழிற்சங்கங்கள் இவற்றில் பல பிரிவுகளைக் கடுமையாக எதிர்க்கின்றன. உதாரணமாக, ஆட்குறைப்புக்கும் ஆலை மூடலுக்கும் அரசின் முன் அனுமதி வேண்டும் என்ற விதி முன்பு 100 பேர் வேலை செய்யும் ஆலைகளுக்கே இருந்தது. இப்போது 300 பேர் இருந்தால்தான். ஆனாலும் கூலிக் குறைப்பு விஷயத்தில் பழைய சட்டத்தில் இருந்த முக்கியமான பாதுகாப்புகள் புதிய தொகுப்புகளிலும் இருக்கின்றன.

இதைப் புரிந்துகொள்ள ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே அஸ்திவாரம், மேலே சுவர்.

அஸ்திவாரம் என்பது குறைந்தபட்சக் கூலி. தமிழக அரசு ஒவ்வொரு தொழிலுக்கும் தனித்தனியாக இதை நிர்ணயிக்கிறது. ஒவ்வொரு ஏப்ரலிலும் பஞ்சப்படி மாறும். இதற்குக் கீழே கூலியைக் குறைக்க எந்த முதலாளிக்கும் எந்தக் காரணத்துக்காகவும் உரிமை இல்லை. பீஸ் ரேட் வேலைக்கும் இது பொருந்தும்.

1950-களின் கடைசியிலேயே கிரவுன் அலுமினியம் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. தொழிலாளிக்கு உயிர்வாழத் தேவையான அடிப்படைக் கூலியைக்கூடக் கொடுக்க முடியாத தொழிலுக்கு நடக்கும் உரிமையே கிடையாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அதற்கு மேலே உள்ள கூலியைத் தகுந்த காரணம் இருந்தால் மாற்றியமைக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. நம் வீட்டு உதாரணத்தில் அந்த மேல் பகுதிதான் சுவர்.

"நாங்களே சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டுட்டோமே?" என்று சிலர் பயப்படுவார்கள். குறைந்தபட்சக் கூலியை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாலும் அது செல்லாது. டில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமான வேலை பற்றிய வழக்கில் 1982-ல் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்கிறார் என்றால் அவரை வறுமை கட்டாயப்படுத்துகிறது என்றுதான் அர்த்தம், எனவே அது அரசியல் சட்டம் தடை செய்துள்ள கட்டாய உழைப்பு என்று தீர்ப்பளித்தது. பசி போட வைத்த கையெழுத்து சம்மதம் ஆகாது.

இந்த அஸ்திவாரம் பேப்பரில் இருந்தால் போதாது, போராடித்தான் வாங்க வேண்டும் என்பதற்கும் நம் மாநிலத்திலேயே சாட்சி உண்டு. தையல் தொழிலுக்கு 2014-ல் தமிழக அரசு குறைந்தபட்சக் கூலியை உயர்த்தியது. கம்பெனிகள் எதிர்த்து வழக்குப் போட்டன. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உயர்வு செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது.

21 நாள் நோட்டீஸ்

இனி சுவருக்கு வருவோம். குறைந்தபட்சக் கூலிக்கு மேலே வாங்குகிறவர்களுடைய கூலியை மாற்ற வேண்டும் என்றாலும், முதலாளி நினைத்த நேரத்தில் மாற்ற முடியாது. என்ன மாற்றப்போகிறார் என்று பாதிக்கப்படும் தொழிலாளர்களுக்கு முறைப்படி நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நோட்டீஸ் கொடுத்து 21 நாள் ஆகும் முன் மாற்றக் கூடாது. 1947-ம் வருடத் தொழில் தகராறு சட்டத்தில் 9ஏ பிரிவாக இருந்த இந்த விதி, இப்போது தொழில் உறவுகள் தொகுப்பில் 40-வது பிரிவாக இருக்கிறது.

எதற்கெல்லாம் நோட்டீஸ் வேண்டும்? கூலி, கூலி கொடுக்கும் நாள், முறை, படிகள், பி.எப்.புக்கு முதலாளி கட்டும் பங்கு, வேலை நேரம், இடைவேளை, சம்பளத்துடன் கூடிய லீவு, ஷிப்ட் மாற்றம், வழக்கமாகக் கொடுத்து வந்த சலுகையை நிறுத்துவது. மேலே சொன்ன வழிகளில் பலவும் இந்தப் பட்டியலுக்குள் வந்துவிடுகின்றன, பார்த்தீர்களா? கம்பெனி வண்டியை நிறுத்துவது உட்பட.

இந்த 21 நாள் எதற்கு? சும்மா காத்திருக்க இல்லை. கூடிப் பேசவும், மறுக்கவும், தொழிலாளர் துறைக்குப் போகவும்தான் அந்த நாட்கள். தொழிலாளர் துறையில் சமரசப் பேச்சு நடக்கும்போது, அந்தத் தகராறு சம்பந்தப்பட்ட வேலை நிபந்தனையை முதலாளி தன் இஷ்டத்துக்கு மாற்றவும் முடியாது.

2020-ல் நடந்ததும் நாம் கற்றதும்

ஊரடங்குக் காலம் நமக்கு ஒரு பெரிய பாடம். வரிசையாகப் பார்ப்போம்.

2020 மார்ச் 29: ஊரடங்கில் மூடியிருந்தாலும் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தைப் பிடிக்காமல் கொடுக்க வேண்டும் என்று மத்திய உள்துறை உத்தரவு போட்டது. முதலாளிகள் பலர் நீதிமன்றம் போனார்கள். மே 18 முதல் அந்த உத்தரவு விலக்கிக்கொள்ளப்பட்டது.

2020 ஜூன் 12: உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. சம்பளம் கொடுக்காத முதலாளிகள் மீது கட்டாய நடவடிக்கை வேண்டாம், இரு தரப்பும் உட்கார்ந்து பேசி முடிவுக்கு வாருங்கள், மாநிலத் தொழிலாளர் துறை அதற்கு உதவட்டும் என்றது. பேச்சுவார்த்தை என்றால் என்ன அர்த்தம்? சங்கம் இருந்த இடத்தில் பேச்சு நடந்தது. தனித்தனியாக நின்றவர்களுக்கு "இதுதான் தருவோம்" என்ற பதில் மட்டும் கிடைத்தது. கூட்டு இல்லாதவருக்குப் பேச்சுவார்த்தை என்ற சொல்லால் பயன் இல்லை. இதுதான் முதல் பாடம்.

2020 மே, ஜூன், ஜூலை: பி.எப். பங்கு 12 சதவீதத்தில் இருந்து 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 10,000 ரூபாய் சம்பளக்காரருக்குக் கையில் மாதம் 200 ரூபாய் கூடுதலாக வந்தது. சந்தோஷப்பட்டோம். அதே நேரம் முதலாளி நம் கணக்கில் போட வேண்டிய பங்கிலும் மாதம் 200 ரூபாய் குறைந்தது. மூன்று மாதத்தில் 600 ரூபாய் முதலாளியின் பங்கு நமக்கு வராமல் போனது. கைக்கு வருவதை மட்டும் பார்த்தால் போதாது என்பது இரண்டாம் பாடம்.

2020 அக்டோபர் 1: குஜராத் அரசு ஏப்ரலில் ஓர் உத்தரவு போட்டிருந்தது. ஆலைகளில் நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வாங்கலாம், கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம் வேண்டாம், சாதாரண ரேட்டிலேயே கொடுத்தால் போதும் என்று. குஜராத் மஸ்தூர் சபா என்ற சங்கம் வழக்குப் போட்டது. உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. கொரோனாவால் வந்த பொருளாதாரக் கஷ்டத்தைக் காரணம் காட்டித் தொழிலாளர் உரிமையை எடுத்துவிட முடியாது என்று சொல்லி, பாக்கி ஓ.டி. பணத்தையும் கொடுக்கச் சொன்னது. அரசே போட்ட உத்தரவையும் ஒரு சங்கம் எதிர்த்து நின்று ஜெயிக்க முடியும் என்பது மூன்றாம் பாடம்.

நம் தமிழ்நாட்டிலும் 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா சட்டசபையில் நிறைவேறியது. சங்கங்களும் கட்சிகளும் எதிர்த்ததால் மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று வாபஸ் அறிவிப்பு வந்தது.

வேலையே இல்லை என்று சொன்னால்?

இதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, தற்காலிகமாக வேலை இல்லை என்பது. இதை லே-ஆப் என்கிறார்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில், ஒரு வருடம் தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு, லே-ஆப் நாட்களில் அடிப்படைக் கூலியும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் பாதி கிடைக்க வேண்டும். நாளுக்கு 460 ரூபாய் என்றால் 230 ரூபாய். வருடத்தில் குறிப்பிட்ட மாதங்கள் மட்டுமே நடக்கும் சீசன் தொழிலுக்கு இது கிடையாது.

இதில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் கவனியுங்கள். லே-ஆப் காலத்திலும் தினமும் குறித்த நேரத்தில் வேலைக்கு வந்திருக்கிறேன் என்று நாம் காட்ட வேண்டும். "வேலை இல்ல, நாளைக்கு வராதீங்க" என்று சூப்பர்வைசர் வாயால் சொன்னதை நம்பி வீட்டில் இருந்துவிட்டால், பிறகு "அவங்களா வரலை" என்று எழுதிவிடுவார்கள். லே-ஆப் என்று எழுத்தில் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் வாசல் வரை போய், நாள், நேரம், சொன்னவர் பெயர் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வையுங்கள். நாலு பேராகப் போங்கள்.

இரண்டாவது, ஆட்குறைப்பு. வேலையை விட்டே அனுப்புவது. ஒரு வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர் என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதோடு ஒவ்வொரு வருட சர்வீசுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்டஈடு. மாதம் 12,000 ரூபாயில் எட்டு வருடம் வேலை பார்த்தவருக்கு ஏறத்தாழ 48,000 ரூபாய் வரும். ஐந்து வருடம் முடித்தவருக்கு கிராஜுவிட்டி தனி. கடைசியாகச் சேர்ந்தவரை முதலில் அனுப்ப வேண்டும் என்பதும் பொது விதி. துணிக்கடை போன்ற கடைகளில் ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரை, தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீசும் இல்லாமல் நிறுத்தக் கூடாது என்று தமிழ்நாடு கடைகள் சட்டம் சொல்கிறது.

இப்போது ராஜினாமாக் கடிதம் ஏன் ஆபத்து என்பது புரியும். நாமே விலகிக்கொண்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் ஆட்குறைப்பு நஷ்டஈடு கிடையாது. இரண்டு மாதம் கழித்துச் சேர்ந்தால் புது ஆள் கணக்கு. கிராஜுவிட்டிக்கு வருடங்கள் மறுபடி ஒன்றில் இருந்து ஆரம்பம். இன்னொன்றும் போகும். 24 மாதத்தில் 480 நாள் வேலை செய்தவருக்கு நிரந்தரத் தொழிலாளி என்ற உரிமை தரும் சட்டம் தமிழ்நாட்டில் 1981-ல் இருந்து இருக்கிறது. அந்தக் கணக்கும் அறுந்துபோகும். ஒரு வெள்ளைத்தாள், அதில் நாலு வரி, நம் எட்டு வருடத்தை அழித்துவிடும்.

வீட்டு வேலை, வீட்டிலிருந்து தைக்கும் வேலை

வீட்டு வேலை பார்க்கும் சகோதரிகளுக்கு இந்த 21 நாள் நோட்டீஸ் விதி கிடைக்காது. சட்டம் அவர்களை வெளியே வைத்திருக்கிறது. இது பெரிய குறை. ஆனால் 2018-ல் தமிழக அரசு வீட்டு வேலைக்கும் மணிக் கணக்கில் குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்தது. நலவாரியமும் இருக்கிறது. பதியாதவர்கள் பதிந்துகொள்ளுங்கள். வீட்டில் வைத்துத் தைத்துக் கொடுப்பவர்கள் எத்தனை பீஸ், என்ன ரேட், எந்தத் தேதி என்று ஏஜெண்டிடம் ஒரு துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்குங்கள். அவர் எழுதித் தரவில்லை என்றாலும் நீங்கள் எழுதி வையுங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போய்விடும்.

கையெழுத்துப் போடும் முன்

• வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைரேகையோ வேண்டவே வேண்டாம்.
• புரியாத மொழியில் இருந்தால், "வீட்டுல படிச்சுக் காட்டிட்டு நாளைக்குத் தர்றேன் சார்" என்று சொல்லி நகல் கேளுங்கள். நகல் தர மறுத்தால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.
• "முழுப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்", "என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்" என்ற வரிகள் இருக்கிறதா என்று பாருங்கள்.
• கையெழுத்துப் போட்டே ஆக வேண்டிய நிலை வந்தால், "ஆட்சேபணையுடன்" என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள்.
• வேலை நியமனக் கடிதமும் மாதா மாதம் சம்பளச் சீட்டும் கேட்டு வாங்குவது நம் உரிமை. இப்போது சட்டத்திலேயே இருக்கிறது.
• மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ம் தேதிக்குள் வர வேண்டும். வேலையை விட்டு நின்றால் இரண்டு வேலை நாளுக்குள் கணக்கு முடிக்க வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது.

முதலாளியிடம் எப்படிப் பேசுவது?

சண்டை போட்டால்தான் நியாயம் கிடைக்கும் என்பதில்லை. உண்மையிலேயே நஷ்டம் என்றால் பேசித் தீர்க்கலாம். ஆனால் தனியாகப் போகாதீர்கள். ஒரே பகுதியில் வேலை பார்ப்பவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து போங்கள். அங்கே சங்கம் இருந்தால் சங்கத்தோடு போங்கள். இப்படிக் கேட்கலாம்:

"சார், ஆர்டர் குறைஞ்சிருக்குன்னு எங்களுக்கும் தெரியுது. எத்தனை மாசத்துக்குக் குறைக்கப் போறீங்க? ஆர்டர் வந்ததும் பழைய ரேட்டுக்கு வருமா? அதை எழுதிக் கொடுங்க. ஆபீஸ்ல இருக்கிறவங்களுக்கும் குறையுதா? கூலியைக் குறைக்கிறதுக்குப் பதிலா ஆறு நாள் வேலையை அஞ்சு நாளா சுத்துமுறையில கொடுக்க முடியுமா?"

காலம், அளவு, திரும்பக் கிடைக்கும் நாள். இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும். "நிலைமை சரியானதும் பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னால், அந்த நிலைமை எப்போதும் சரியாகாது.

எங்கே போவது?

மதுரையில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் மனுக் கொடுக்கலாம். கூலிப் பாக்கிக்கு மூன்று வருடம் வரை கேட்கலாம். நாமே கொடுக்கலாம், சங்கம் மூலமும் கொடுக்கலாம். கூலியைக் கொடுத்துவிட்டேன் என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு முதலாளியுடையது. கொடுக்காத கூலியோடு அதில் பத்து மடங்கு வரை நஷ்டஈடு போடவும் அதிகாரம் இருக்கிறது. கான்ட்ராக்டர் கூலி தராமல் ஓடிவிட்டால், வேலை நடந்த இடத்தின் நிறுவனம்தான் கொடுக்க வேண்டும்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்ற கவலை வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். 15100 என்ற எண்ணுக்கும் பேசலாம். இ.எஸ்.ஐ. பிடித்தம் உள்ளவர்களுக்காக வேலை இழந்தால் உதவித்தொகை தரும் திட்டம் ஒன்று 2018-ல் தொடங்கி, அவ்வப்போது காலம் நீட்டிக்கப்பட்டு வந்தது. வேலை போனால் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் அதைக் கேட்டுப் பாருங்கள்.

நம் குழு என்ன செய்யலாம்?

கூலி குறைந்தால் அடுத்த அடி விழுவது நம் குழுவின் மேல்தான். தவணை தவறுகிறது. கூட்டத்துக்கு வர வெட்கப்பட்டு அந்தச் சகோதரி ஒதுங்குகிறார். மற்றவர்கள் அவரைக் கோபிக்கிறார்கள். அந்த நேரத்தில் வாரத் தவணைக்காரர் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காருகிறார். அந்தக் கடனை வாங்கி இந்தக் கடனைக் கட்டுவது, கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

2020-ல் ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை ஒத்திவைப்புக்கு அனுமதி கொடுத்தபோது, "தள்ளுபடி" என்று நம்பியவர்கள் பலர். ஒத்திவைத்த மாதங்களுக்கும் வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது. அதனால் எந்தச் சலுகையாக இருந்தாலும் வட்டி என்ன ஆகும் என்று முதலில் கேளுங்கள்.

கூலி குறைந்த உறுப்பினர் முதல் மாதமே குழுவில் சொல்லட்டும். குழு தீர்மானம் போட்டு உள்கடன் தவணையைச் சிறிதாக்கி, காலத்தை நீட்டலாம். சேமிப்பை நிறுத்த வேண்டாம், குறைத்தாவது போடட்டும். ஒரே யூனிட்டில் நம் உறுப்பினர்கள் எத்தனை பேர் வேலை பார்க்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுங்கள். தனித்தனிக் குழுக்களில் இருப்பதால், ஒரே முதலாளியிடம்தான் வேலை பார்க்கிறோம் என்பதே சில நேரம் நமக்குத் தெரிவதில்லை. கூட்டமைப்புக் கூட்டத்தில் அவர்களை ஒன்றாக உட்கார வைத்தால், பேசப் போவதற்கு ஆள் கிடைத்துவிடும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வேலைக்குப் போகும் உறுப்பினர்கள் எல்லோரும் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, பி.எப். எண், இ.எஸ்.ஐ. அட்டை ஆகியவற்றை எடுத்து வாருங்கள். சீட்டே கிடையாது என்றால் எத்தனை நாள் வேலை, எவ்வளவு கைக்கு வந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் எழுதித் தரட்டும். உங்கள் தொழிலுக்கு இன்றைய குறைந்தபட்சக் கூலி எவ்வளவு என்று தொழிலாளர் துறை வெளியிட்ட பட்டியலோடு நாங்கள் வருகிறோம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், குறைந்தது எவ்வளவு, கேட்க வேண்டியது எவ்வளவு என்று அங்கேயே தெரிந்துவிடும். இந்தக் கட்டுரையைப் படிக்கத் தெரிந்தவர்கள், படிக்காத சகோதரிகளுக்குக் கூட்டத்தில் உரக்க வாசித்துக் காட்டுங்கள்.